ஹாப்ஸ் வைத்த ஆப்பு

இனி என் பாட்டிலை நானே முழுசாகக் குடிப்பது என்று தீர்மானம் செய்தேன். கேட்பதற்கு அற்பமாக இருக்கலாம். கல்யாணமானவர்களுக்கு இதன் வீரம் புரியும்.

நான் மைக்கேல். சர்க்கார் ஆபீசில் கிளார்க். கரோல் பாக்கில் இரண்டாவது மாடியில் குடித்தனம். என் மனைவி பிலோமி ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸ். வீட்டிலும் அதே பதவிதான். வாரம் முழுக்க ஃபைல்களோடு மாரடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து ஒரு பீர் குடிப்பேன். வீட்டுக்கு வாரம் ஒரு பாட்டில் என்பது பிலோமி போட்ட சட்டம். அந்த ஒன்றை நினைத்துக்கொண்டுதான் திங்கட்கிழமை பஸ்ஸில் தொங்குவேன்.

போன மே மாதம் அந்தச் சுகத்துக்கு நானே குழி தோண்டினேன். வெளியே லூ காற்று அனலாக அடிக்கிறது. கரண்ட் இல்லை. டியூட்டி முடிந்து வந்த பிலோமி என் தம்ளரை முறைத்தாள்.

“இந்தக் கருமத்தை ஏன் குடிக்கிய?”

“கருமமா? வெறும் பார்லித் தண்ணி பிலோமி. ஒன் பேஷன்ட்டுக்கெல்லாம் நீ குடுக்கலியா?”

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். போயும் போயும் ஒரு நர்ஸிடம் பார்லி என்று சொல்லிவிட்டேன். “கிட்னிக்கு நல்லதுல்லா?” என்று ஒரு வாய் குடித்தாள். அடுத்த வாரம் அரைத் தம்ளர். மழைக்காலத்தில் பாதி பாட்டில். கிறிஸ்துமஸ் வந்தபோது எனக்கு மிஞ்சியது நுரை மட்டும்தான்.

சிநேகிதன் பட்டாபியிடம் போய் அழுதேன். அவன் சாணக்யபுரியில் ஒரு தூதரகத்தில் டைப்பிஸ்ட். தயிர்சாதம் தவிர வேறு எதற்கும் மயங்காதவன்.

“ஓய், இதுக்கா அழறீர்? எங்க துரை பண்டிகைக்கு ஒரு பெட்டி நிறைய பாட்டில் குடுத்தான். ஏல்னு பேரு.”

“ஏலக்காய் போட்டதா?”

“ஏலமும் இல்லை, கிராம்பும் இல்லை. பீருக்கு அண்ணா அது. ஹாப்ஸ்னு ஒரு பூவை அள்ளிக் கொட்டியிருக்கான். ஒண்ணைத் திறந்து மோந்து பார்த்தேன். வேப்பெண்ணெய் எவ்வளவோ தேவலை. ஒரு வாய் குடுத்துப் பாரும். உம்ம ஆத்துக்காரி ஜென்மத்துக்கும் பீர் பக்கம் திரும்ப மாட்டா!”

பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வழி நெடுக எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். ஆட்டோக்காரன் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை. பால்கனியில் இதமான பிப்ரவரி வெயில். வாத்தியார் முகத்தை வைத்துக்கொண்டு ஊற்றினேன்.

“என்னங்க இது, கஷாயம் மாதிரி செவந்து கெடக்கு?”

“பழைய பீர்ல நீ பாஸ் பிலோமி. இது அடுத்த கிளாஸ்.”

“இந்தக் கிளாஸே இன்னும் காலியாகலியே.”

“அந்தக் கிளாஸ் இல்லட்டி, படிக்கிற கிளாஸ். வெள்ளைக்காரன் படிப்படியாத்தான் போவான். மொதல்ல லேசு, அப்புறம் கசப்பு. இதுல ஹாப்ஸ் இருக்கு.”

“ஆப்பா? யாருக்கு?”

“பூவுட்டி அது! பேசாம குடி. நாக்குல கொஞ்சம் நிறுத்தி முழுங்கணும்.”

குடித்தாள். கண்ணை மூடினாள். அவள் வாஷ்பேசினுக்கு ஓட வசதியாக என் நாற்காலியை நகர்த்திப் போட்டேன்.

“துப்பணும்னா துப்பிரு. வெக்கப்படாத.”

“எதுக்குத் துப்பணும்? நல்ல பாவக்காப் பொரியல் தின்ன மாதிரி நாக்குல நிக்குல்லா! இப்படி ஒண்ணு இருக்கையிலயா இம்புட்டு நாளா அந்தச் சப்புத்தண்ணியக் குடுத்திய?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாகற்காய், சுண்டைவற்றல், சீனி போடாத கடுங்காப்பி என்று கல்யாணமான நாள் முதல் நான் அவதிப்படும் வீடு இது. கசப்பில் எம்.ஏ. முடித்தவளுக்கு நான் அரிச்சுவடி நடத்தியிருக்கிறேன். பிலோமி அடுப்படிக்குப் போய்ச் சுண்டைவற்றல் வறுத்துக்கொண்டு வந்து, அதைக் கடித்துக்கொண்டே பாட்டிலை முடித்தாள். அடியில் இருந்த சொட்டை நான் நக்கிப் பார்த்தேன். குமட்டியது.

வாரம் ஒரு பாட்டில். அது இனிமேல் ஏல். முன்பு நுரையாவது கிடைத்தது. நிஜமாகவே சோர்ந்துபோனேன். திங்கட்கிழமை பஸ்ஸில் தொங்கக்கூட மனசில்லை.

அந்த நேரத்தில் விபூதிப் புதன் வந்தது. “உங்களவாளுக்கும் விபூதியா?” என்று பட்டாபி வருஷா வருஷம் ஆச்சரியப்படுவான். அன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டால் தவசு காலம் ஆரம்பம். ஈஸ்டர் வரைக்கும், மனசுக்குப் பிடித்த ஒன்றை விட்டுவிட வேண்டும். ஒறுத்தல் என்று அதற்குப் பெயர். எனக்கு மூளை பளிச்சென்று வேலை செய்தது. கோயில் வாசலிலேயே ஆரம்பித்தேன்.

“பிலோமி, ரொம்பப் பிடிச்சதைத்தான் விடணும்னு சாமியார் சொன்னாரே, கேட்டியா? நீ எதை விடப்போற?”

“நீங்க எதை விடுதிய?”

“நான் பாவக்காய விட்டுருதேன்.”

“பிடிக்காததை விட்டா அது ஒறுத்தலா? உங்களுக்கு உசுரு பீருதான். அதை விடுங்க.”

யோசித்தேன். நான் விட்டால் அவளும் விட்டுத்தான் ஆகவேண்டும். ஈஸ்டருக்குள் ருசி மறந்துபோகும். பெட்டியைப் பட்டாபி தலையிலேயே கட்டிவிடலாம். அப்புறம் பழைய பாட்டில், முழு பாட்டில், எனக்கே எனக்கு. மாதா சுரூபத்துக்கு நேரே நின்று நெஞ்சில் கை வைத்தேன்.

“மாதா சாட்சியா, ஈஸ்டர் வரைக்கும் பீர் தொட மாட்டேன். இப்ப நீ. உனக்கு உசுரு ஏல்.”

பிலோமி முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். முகத்தில் அப்படி ஒரு சாந்தம்.

“யாரு சொன்னா? அந்தக் கசப்பு மனுஷி வாயில வைக்கதா? மெனக்கெட்டுப் படிச்சுக் குடுக்கியளே, புருஷன் பேச்சைத் தட்டக்கூடாதேன்னு பல்லைக் கடிச்சிக்கிட்டுக் குடிக்கேன். எனக்கு உசுரு மைசூர்பாகு. அதை விட்டுட்டேன்.”

“அப்ப ஏல்?”

“கசப்பை ஏத்துக்கிடுததும் ஒறுத்தல்தான்.”

“ஞாயித்துக்கிழமை மட்டும் தவசுக் கணக்குல வராதுன்னு சொல்லுதாங்களே...”

“சாமியார் அந்தா நிக்காரு. பீருக்காகன்னு சொல்லியே கேட்டுட்டு வாங்க.”

நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் உட்கார்ந்தோம். எனக்கு மோர். பிலோமி பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு தம்ளரை முடித்தாள். பிறகு காலித் தம்ளரை என் பக்கம் நீட்டினாள்.

“இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க. ஒறுத்தல் பத்தல.”