தெருமுனைச் சிலையின் வலது கை

விருத்தாசலம்,
ஞாயிற்றுக்கிழமை மதியம்.

பெண்ணாடத்தில் இருக்கும் அன்புள்ள மாப்பிள்ளை கலியபெருமாள் அவர்களுக்கு, உங்கள் மச்சான் சாமிதுரை தன் கையாலேயே எழுதும் முதல் கடிதம். இங்கே நானும் என் முழங்காலும் சுகம். அங்கே நீங்களும், உங்கள் கரும்பும், இதை உங்களுக்குப் படித்துச் சொல்லிக்கொண்டிருக்கும் என் தங்கை ஞானாம்பாளும் சுகமாக இருக்க வேண்டும். போன பொங்கலுக்கு, "எழுவத்திரண்டு வயசுல முதியோர் பள்ளிக்குப் போயி இன்னா பண்ணப் போறீங்க மச்சான், கலெக்டராவப் போறீங்களா?" என்று கேட்டீர்களே, அதற்குப் பதில்தான் இது. கலெக்டர் ஆகவில்லை. ஆனால் எங்கள் தெருமுனையில் கல்லில் என் பெயர் இருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். பீங்கான் பேட்டைக்குப் போகும் எங்கள் தெருவுக்கு ஓர் அடையாளம் வேண்டும் என்று தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு சிலை வைக்க முடிவு செய்தோம். சாமி சிலை இல்லை, தலைவர் சிலையும் இல்லை. வருகிறவர்களுக்கு ஒரு பெண் கையை நீட்டி டீக் கோப்பை கொடுக்கிற மாதிரி. அவள் நிற்கும் பீடம் முழுக்க வீட்டுக்கு வீடு கொடுத்த உடைந்த பீங்கான். கொலு பொம்மையின் காது இருக்கிறது, ஃப்யூஸ் கட்டை இருக்கிறது, டீக்கடை பரக்கத்துல்லா பாய் கடை திறந்த அன்றே உடைந்த சாசரும் இருக்கிறது. படம் வரைந்து கொடுத்தவர் சென்னையிலிருந்து வந்த சிற்பி பரத்வாஜ். முகம் செய்தது பொம்மைப் பட்டறை ஜெயஸ்ரீ. வலது கை செய்தது, நாற்பது வருஷம் அச்சிலும் சூளையிலும் கிடந்த நான். செய்தவர்கள் பெயரைக் கல்லில் வெட்டிப் பீடத்தில் பதிப்பதாகப் பேச்சு. மாப்பிள்ளை, பெயரைப் படிக்கத் தெரிந்த பிறகு பெயர் மேல் ஓர் ஆசை வருகிறதே, அது பொல்லாதது.

சிற்பி தம்பி ஆளுக்கொரு அளவுச் சீட்டை நீட்டியதும் ஜெயஸ்ரீ, "குடுங்க பெரியப்பா, நான் படிச்சுச் சொல்றேன்" என்றாள். நான் கொடுப்பேனா? எழுத்துக் கூட்டி ஒரு மணி நேரம் நானே படித்தேன். நீளம், அகலம், விரல் பருமன், ஒன்றையும் விடவில்லை. படித்து முடித்ததும் சிரிப்பு வந்தது. மண் காய்ந்தும் வெந்தும் எட்டில் ஒரு பங்கு சுருங்குமே, பட்டணத்துப் பிள்ளை அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. பாவம், நாலு பேர் முன்னால் அவரைக் குறை சொல்வானேன் என்று, மூச்சுவிடாமல் அந்தச் சுருக்கத்தை நானே சேர்த்து, இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சமும் போட்டுக் கையைச் செய்தேன்.

போன வாரம் எல்லாவற்றையும் பொருத்தினோம். கையை மாட்டியதும் தெருவே அண்ணாந்து பார்த்தது. முகத்தைவிடக் கை பெரிசு! கோப்பை அதில் இருமல் மருந்து மூடி மாதிரி இருக்குது. ஜெயஸ்ரீ குதித்தாள். "டீ குடுக்கிற மாதிரியா இருக்குது? அறைய வர மாதிரில்ல இருக்குது! யாரு தப்பு பண்ணாங்களோ அவங்க பேரு கல்லுல வரக் கூடாது. கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது எழுதிக் கட்டிடுவேன், ஆமா!" பிராதுச் சீட்டு கட்டினால் அந்தச் சாமி ஆளைக் கண்டுபிடித்துவிடும். காணாமல் போன உங்கள் மோட்டார், பிராது கட்டியதும் தானாக வயலுக்குத் திரும்பி வந்ததே. ஆனாலும், "நான் சீட்டைப் படிச்சுத்தான் செஞ்சேன். நானே படிச்சேன்" என்று நிமிர்ந்து நின்றேன்.

சிற்பி தம்பி தலையைச் சொறிந்தார். "பெரியவர் மேல தப்பு இருக்காதுங்க. நான்தான் எங்கயோ கணக்குல கோட்டை விட்டுட்டேன் போல."

அப்போது பரக்கத்துல்லா பாய் கடையிலிருந்தே குரல் கொடுத்தார். "அட உடுங்கப்பா! இந்தத் தெருவுல எவன் தலையால பொழைச்சான்? எல்லாம் கையால பொழைச்சதுதான? அப்ப கைதான் பெருசா இருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, அவரவர் கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்கள். ஜெயஸ்ரீயும் பார்த்தாள். "சரி சரி, டீ ஆறிடப் போவுது. சிமெண்ட்டைப் பூசுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை திறப்பு விழா. திட்டக்குடி பஸ்ஸே நின்று பார்த்துவிட்டுப் போனது. பத்திரிகைக்காரர் கை ஏன் பெரிசு என்று கேட்க, பாய் சொன்னதையே சிற்பி தம்பி அழகாகத் திருப்பிச் சொன்னார். கல்லில், "வலது கை: சாமிதுரை" என்று வெட்டியிருக்கிறது. பதினோரு தடவை படித்தேன், மாப்பிள்ளை. பதினோரு தடவையும் என் பெயர்தான் வந்தது.

குடும்பத்தோடு வந்து பாருங்கள். யாரிடமும் வழி கேட்க வேண்டாம், தூரத்திலிருந்தே கை தெரியும். பழமலைநாதர் உங்கள் கரும்புக்குக் காலத்தில் வெட்டு ஆள் கொடுக்கட்டும், என் தங்கைக்கு உங்களைச் சமாளிக்கும் பொறுமையைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடும்
சாமிதுரை

பின்குறிப்பு: இதைத் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். ஞானாம்பா, சத்தமாகப் படித்துவிடாதே. இன்று காலை அளவுச் சீட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாம் என்று எடுத்தேன். கை தவறித் திரும்பியது. பின்பக்கத்திலும் எழுத்து! "சுருக்கம் சேர்த்தே அளவு தரப்பட்டுள்ளது" என்று இருக்குது. ஜெயஸ்ரீ தன் சீட்டைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள், அதனால்தான் முகம் சரியான அளவில் வந்திருக்கிறது. தாளுக்குப் பின்பக்கம் உண்டு என்று எங்கள் பள்ளியில் இன்னும் சொல்லித்தரவில்லை. உடனே சிற்பி தம்பிக்குப் போன் போட்டு ஒப்புக்கொண்டேன். அவரோ, "ஐயோ பெரியவரே, அந்தக் கை என் யோசனைன்னு பேப்பர்ல வந்துடுச்சு. இன்னொரு ஊர்லயும் அதே மாதிரி கை கேக்கறாங்க. வெளிய சொல்லிடாதீங்க!" என்று கெஞ்சுகிறார். ஆகவே, தங்கச்சி, மாப்பிள்ளைக்கு முன்பக்கத்தை மட்டும் படித்துக் காட்டு. பின்பக்கம் என்று ஒன்று இருப்பது அவருக்கும் தெரியாது.