சாமியானாவுக்குக் கீழே ஜாஸ்

எனக்குப் பிடித்தது எதுவானாலும் அது மற்றவர்களுக்கும் பிடித்தே தீர வேண்டும் என்று நினைப்பது என் பிறவிக் குணம். பந்தியில் ‘போதும், போதும்’ என்று இலையை மறைப்பவரின் விரலிடுக்கு வழியாகப் பாயசம் ஊற்றுவார்களே, அந்த ரகம். நான் ஊற்றியது ஜாஸ்.

திண்டுக்கல்லில் எங்கள் இசை வட்டத்தில் ஏழு பேர். மாதம் ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். வீட்டுக்காரர் தனக்குப் பிடித்த பதிவுகளைப் போட்டு விளக்குவார். நாதஸ்வரம், வீணை, பழைய சினிமாப் பாட்டு என்று நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. என் முறை வந்தபோது நான் ஜாஸ் என்றதும் தலைவர் பொன்னையா சார் (ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார்) கண்ணாடியைக் கழற்றினார்.

“ஒரு தடவை பாப்போம் தம்பி. கேட்டு முடிச்சதும் ஒருத்தராவது ‘இன்னொரு தடவை போடுங்க’ன்னு சொல்லணும். இல்லேன்னா இந்தப் பேச்சை இத்தோட விட்டுரணும்.”

மூன்று வாரம் தயாரித்தேன். எந்தப் பதிவு எந்த ஆண்டு, எந்த ஊர், யார் யார் வாசித்தது என்று பதினாறு பக்கம் எழுதினேன். (அதில் இரண்டு பக்கம், ஒரு பதிவு நடந்தது செவ்வாயா புதனா என்ற ஆராய்ச்சி.)

வட்டத்தில் முருகேசன் என்பவர் சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறார். “ஜாஸுக்கு பேஸ் முக்கியம்ல!” என்று ஆளுயர ஸ்பீக்கர் இரண்டைக் கொண்டுவந்தார். அவை வாசற்படியைத் தாண்டி உள்ளே நுழைய மறுத்தன. ஆகவே நிகழ்ச்சி வாசலுக்கு வந்தது. வெயிலுக்கு ஒரு சாமியானா, உட்கார இருபது பிளாஸ்டிக் நாற்காலி, ஓரமாக ஒரு தண்ணீர் கேன். முதல் நாள் மாலை வத்தலக்குண்டிலிருந்து காய்ச்சலோடு வந்த என் மாமனார், மாத்திரை போட்டு உள்ளறையில் படுத்திருந்தார். அவரைக் கைத்தாங்கலாக ஆட்டோவிலிருந்து இறக்கியதைத் தெருவே பார்த்திருந்தது.

காலை பத்து நாற்பதுக்கு முதல் பதிவைப் போட்டேன். டிரம்பெட், மிக மெதுவாக. எங்கள் ஊர் பேண்டு செட்டுக்காரர்கள் டிரம்பெட்டை அவ்வளவு மெதுவாக ஊதுவது கல்லறைக்குப் போகும் வழியில்தான். இது எனக்குத் தெரியாததல்ல, அன்று தோன்றவில்லை. பேசக்கூடாது, தொடையில் தாளம் போடக்கூடாது, தலை குனிந்து கண்ணை மூடிக் கேட்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அத்தனை பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

நான் மட்டும் நோட்டோடு வருகையைக் குறித்துக்கொண்டிருந்தேன். பத்து ஐம்பத்திரண்டு: டீக்கடை கருப்பையா அண்ணன். செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டுக் கைகட்டி நின்றார், சற்று நேரத்தில் அவசரமாகப் போனார். பத்து ஐம்பத்தெட்டு: எதிர்வீட்டு சரோஜா அக்கா, கூடவே நான்கு பெண்கள். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். எனக்குப் புல்லரித்தது. ஒரு டிரம்பெட் எங்கள் தெருவை அழவைக்கிறது!

“இப்பிடித் திடுதிப்புன்னு ஆயிப்போச்சே தம்பி!”

“திடுதிப்புன்னு இல்லக்கா. மூணு வாரமா இதுக்குத்தான் தயார் பண்ணிட்டிருந்தேன்.”

அக்கா என்னைப் பார்த்த பார்வையை ரசனை என்று எடுத்துக்கொண்டேன்.

பதினொன்று ஐந்துக்கு நாற்காலிகள் நிறைந்துவிட்டன. கருப்பையா அண்ணன் திரும்பி வந்தார், கையில் சம்பங்கி மாலை. இதெல்லாம் எதற்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே கழுத்தை நீட்டினேன். அவர் என்னை ஒதுக்கிவிட்டு வாசற்படியைப் பார்த்தார்.

“தள்ளுப்பா. எங்க கெடத்திருக்கீங்க?”

“யாரண்ணே?”

“ஒம் மாமனாரத்தான்.”

அப்போது கதவு திறந்தது. “கவிதா, ஒரு வாய் காப்பி குடு தாயி” என்றபடி, தோளில் துண்டோடு மாமனார் வெளியே வந்தார்.

சரோஜா அக்கா போட்ட சத்தத்தில் டிரம்பெட் காணாமல் போனது. மூன்று நாற்காலிகள் கவிழ்ந்தன. அதுவரை என் உத்தரவுப்படி கண்ணைத் திறக்காத பொன்னையா சார், திறந்து, “முடிஞ்சிருச்சா?” என்றார்.

என் மனைவி கவிதா ஓடிவந்து சாமியானாவையும் மாலையையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“எங்கப்பாவுக்குக் காய்ச்சல்தானங்க வந்துச்சு? அதுக்குள்ள பந்தலா?”

மாமனார் படியிறங்கி வந்தார். கருப்பையா அண்ணன் கையிலிருந்த மாலையை வாங்கி முகர்ந்தார். நாற்பது வருடப் பூ வியாபாரி.

“ஏப்பா, இது நேத்துப் பூவுல்ல? எனக்குப் போட நேத்துப் பூவா?”

திண்டுக்கல்லில் ஜாஸின் கதை அன்றோடு முடிந்தது என்று நோட்டை மூடினேன். மாமனார் முன்வரிசையில் உட்கார்ந்து கூட்டத்தை ஒருமுறை நிதானமாகப் பார்த்தார்.

“இம்புட்டுப் பேரும் எனக்காகவா அழுதீங்க?”

சரோஜா அக்கா மூக்கை உறிஞ்சியபடி தலையாட்டினார். மாமனார் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை என் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை.

“அப்பிடி என்ன பாட்டு மாப்ளே அது? இன்னொரு தடவை போடுங்க.”

நான் பொன்னையா சாரைப் பார்த்தேன். கணக்கு வாத்தியார் அல்லவா, சொன்ன சொல்லை மாற்றத் தெரியாது. “ஒருத்தர் கேக்கணும்னுதான் சொன்னேன். வட்டத்து ஆளாத்தான் இருக்கணும்னு சொல்லல” என்று பெருமூச்சு விட்டார். மறுபடி போட்டேன். இந்தத் தடவை யாரும் அழவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஜாஸ் என்றால் மாமனார் வத்தலக்குண்டிலிருந்து வந்து, தெருவுக்குத் தெரியும்படி வாசலில் உட்கார வேண்டும். சரோஜா அக்காவின் நிபந்தனை. போன மாதம் பஸ் தாமதம். பொறுக்காமல் நான் பாட்டைப் போடப் போனேன்.

“தம்பி! மாமா மூஞ்சியக் காட்டிட்டுப் போடு!” என்று எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து குரல்.

கவிதா வீடியோ காலில் அப்பாவைப் பிடித்து, போனைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து ஓடினாள். பஸ் இரைச்சலுக்கு மேலே மாமனார் கத்தியது எனக்கு இங்கேயே கேட்டது:

“இருக்கேன் தாயி, இருக்கேன்! செம்பட்டி தாண்டிட்டேன், போடச் சொல்லு!”