தையல்காரர் போட்ட உப்பு

தையல்காரருக்கு மண்வெட்டியைக் கண்டால் பாம்பைக் கண்ட மாதிரி. பத்தடி தள்ளித்தான் நிற்பார். அப்படிப்பட்டவர் தலையில்தான் அந்த இடி விழுந்தது. தன் அப்பா கொடுத்த நிலத்தில் இனி தானே பயிர் வைக்கப் போவதாக மனைவி சொல்லிவிட்டாள்.

"குத்தகைக்கு விட்டா போதாதாம்மா?"

"முதல்ல மண்ணைப் பரிசோதிப்போம். சரியில்லைன்னா குத்தகை. சரியா இருந்தா நாம இறங்குறோம்."

இத்தனை வருஷக் குடித்தனத்தில் 'நாம' என்றால் யார் என்று அவருக்கா தெரியாது!

மனைவி வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, பல இடங்களில் வெட்டி மண் எடுத்தாள். கல்லையும் வேரையும் பொறுக்கி, நிழலில் உலர்த்தி, நன்றாகக் கலந்து, வட்டமாகப் பரப்பி நான்காகப் பிரித்தாள். எதிரெதிரே இருந்த இரண்டு பங்கை ஒதுக்கிவிட்டு, மீதியைத் துணிப்பையில் கட்டினாள். "பரிசோதனை நிலையத்துல கொடுத்துட்டு வாங்க" என்று அவர் கையில் திணித்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

அந்த நேரம் பார்த்து அவர் புத்தி புல் மேயப் போய்விட்டது. சமையலறை உப்பு ஜாடியை எடுத்துப் பைக்குள் கவிழ்த்துக் குலுக்கினார். அப்புறம்தான் காலி ஜாடியைப் பார்த்தார். அடப்பாவி மனுஷா, கொஞ்சமாவது மிச்சம் வைத்திருக்கக் கூடாதா!

அன்று மதியம் அவர் தட்டில் உப்பே இல்லை.

"உப்பு சரியா இருக்கா?"

"க... கனகச்சிதம்."

"இன்னும் கொஞ்சம் போடட்டுமா?"

"ஐயோ, வேணாம்! கரிக்கும்."

அவளோ தன் தட்டில் இருந்ததை ரசித்து ருசித்துச் சாப்பிட்டாள். மறுநாளும் அதே கதை. வாயைத் திறந்தால் ஜாடிப் பேச்சு வருமே! மூச்சுக் காட்டாமல் விழுங்கினார். அவள் பேசினாலும் பயம், பேசாவிட்டால் இன்னும் பயம். அந்த நடுக்கத்தில் ஒரு சட்டைக்கு மூன்று கை வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்தார்.

முடிவு வாங்க இருவருமாகப் போனார்கள். பரிசோதனை நிலைய அதிகாரியம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு அவரையே பார்த்தாள்.

"தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எல்லாம் பரவாயில்லை. உப்புதான் கொட்டிக் கிடக்கு. உங்க வயலு என்ன, கடலுக்குள்ளயா இருக்கு?"

தையல்காரர் பார்வையைத் தரைக்கு இறக்கினார். ஆனாலும் ஆசை யாரை விட்டது? "அப்போ குத்தகைக்கு..." என்று இழுத்தார்.

"இதுக்கு வைத்தியம் கிடையாதாம்மா?" என்று மனைவி குறுக்கே புகுந்தாள்.

"இருக்கே. நிலத்தைச் சமப்படுத்தி, வரப்பை உசத்தி, தண்ணியைத் தேக்கித் தேக்கி வடிக்கணும். உப்பு கரைஞ்சு போயிடும்."

"அதுக்குத்தான் ஆளே கிடைக்க மாட்டேங்குது." மனைவி மெதுவாக அவர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, இவ்வளவு உப்பு எங்கிருந்து வந்துச்சுன்னு முதல்ல விசாரிப்போமா?"

"விசாரணையெல்லாம் எதுக்கு! நானே வெட்டுறேன்!"

வெட்டினார். சமப்படுத்தினார், வரப்பு கட்டினார், தண்ணீரைத் தேக்கினார், வடித்தார், மறுபடி தேக்கினார். கையெல்லாம் கொப்புளம். எல்லாம் முடிந்த அன்று மனைவி வரப்புக்கே சாப்பாடு கொண்டு வந்தாள்.

"மறுபடி மண் எடுத்துப் பார்க்கணுமோ?" என்றார்.

"எதுக்கு? அன்னிக்கு ஒதுக்கின ரெண்டு பங்கை நான் கொட்டவே இல்லையே. காலி ஜாடியைப் பார்த்ததும் அதையும் கொண்டுபோய்க் கொடுத்துட்டேன். நம்ம மண்ணு தங்கம். உப்புத் தொல்லையே கிடையாது."

"அப்போ... நான் பட்ட பாடு?"

"விதைக்க நிலம் தயாராக வேணாமா? உப்பைத் தின்னவன் தண்ணி குடிக்கணும். போட்டவர் பாய்ச்சணும்." தட்டை அவர் முன்னால் நகர்த்தினாள். "சாப்பிடுங்க. உப்பு சரியா இருக்கா?"

ஒரு வாய் வைத்துப் பார்த்தார். துளிகூட இல்லை.

"கனகச்சிதம்" என்றார் தையல்காரர்.