இருபத்தைந்து நிமிடத்தில் பின்வாங்கிய படை

எதையும் பட்டியல் போட்டுச் செய்கிறவர்களிடம் ஒரு பெரிய குறை உண்டு. எங்கே நிறுத்த வேண்டும் என்பது பட்டியலில் இருக்காது. இதை நான் இருபத்தாறு வயதில், ஜெர்மனியின் ஹம் நகரத்துத் தேவாலய மண்டபம் ஒன்றில், கட்டிக்கொள்ள விரும்பியவனின் அப்பாவுக்கு முன்னால் கற்றுக்கொண்டேன்.

அப்போது சரக்குப் போக்குவரத்துப் பொறியியல் படித்து முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. (லொறியில் எந்தப் பெட்டி முதலில் ஏற வேண்டும் என்று தீர்மானிக்கச் சம்பளம் தருவார்கள். உண்மையாகத்தான்.) ஸ்டெஃபானைப் பற்றி வீட்டில் சொல்லியிருந்தேன். அம்மா ஒரு கிழமைக்குள் சமாதானமாகிவிட்டார். அப்பா மட்டும் ஒரே வசனத்தில் நின்றார்: "ஆக்களைப் பாத்திட்டுச் சொல்லுறன்."

பார்க்கிற நாளாக ஸ்டெஃபானின் அப்பா ஹேர் வேபர் (ஹேர் என்றால் ஜெர்மனில் திரு) தேர்ந்தெடுத்தது, அவருடைய பொழுதுபோக்குச் சங்கம் கண்காட்சி வைத்த ஞாயிற்றுக்கிழமையை. ஓய்வுபெற்ற தபால்காரரான அவர் விரல் நக அளவுச் சிப்பாய்ப் பொம்மைகளுக்கு வர்ணம் பூசுகிறவர். இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து ஒரு பெரிய மேசையை நிரப்பியிருந்தார். ஒரு முனையில் காடு, மறு முனையில் கடல், இடையில் சின்னச் சின்ன ஊர்கள். 1940இல் ஜெர்மன் படை காட்டு வழியாகப் பாய்ந்து வர, பிரெஞ்சு, பிரித்தானியப் படைகள் கரை வரை பின்வாங்கிக் கப்பலேறிய கதை. அதைப் பார்வையாளர் முன்னால் மூன்று மணி நேர விளையாட்டாக ஆட வேண்டும்.

ஜெர்மன் பக்கம் அவர். "யாராவது நகர்த்தத்தானே வேண்டும்" என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில். பின்வாங்குகிற பக்கத்தை எனக்குத் தந்தார். மருமகளாக வரப்போகிறவளுக்கு அவர் காட்டிய மரியாதை அது.

நான் அதைப் பரீட்சை என்று எடுத்துக்கொண்டேன். நாற்பது பக்க விதிப்புத்தகத்தை இரண்டு தரம் படித்தேன். பட்டியல் எழுதினேன். அதற்குப் பிளாஸ்டிக் உறையும் போட்டேன். (சொல்லவே கூசுகிறது. ஓரத்தில் துளையிட்டு நூலும் கட்டியிருந்தேன்.)

இரண்டு மணிக்கு மண்டபம் நிறைந்தது. முன்வரிசையில் அப்பா கோட் போட்டு, கைகட்டி. பக்கத்தில் அம்மா, மடியில் தன் சிவப்புப் பையுடன். முதல் சுற்றிலேயே நான் காயக்காரர் வண்டிகளைத் துறைமுகத்துக்கு அனுப்பினேன்.

ஹேர் வேபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் இன்னும் காட்டை விட்டே வெளியே வரவில்லையே."

"பரவாயில்லை" என்றேன்.

இரண்டாம் சுற்றில் குதிரைகள், மூன்றாவதில் பீரங்கிகள். நான்காம் சுற்றில் கடைசிச் சிப்பாயும் கப்பலில். அவருடைய டாங்கிகள் வந்து சேர்ந்தபோது கரையில் ஒரு வாளி கூட இல்லை. மொத்தம் இருபத்தைந்து நிமிடம். குண்டுப் புகைக்காக அவர் பிய்த்து வைத்திருந்த பஞ்சு, ஒரு பை நிறைய, அப்படியே அவர் கையில் இருந்தது.

யாரும் கைதட்டவில்லை. ஆட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் தரவிருந்த பட்டாணி சூப் சமையலறையில் இன்னும் கொதிக்கவே தொடங்கவில்லை.

"சண்டை தொடங்க முதலே ஏன் போனாய்?" என்று ஹேர் வேபர் மெதுவாகக் கேட்டார். கோபமில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"விதியில் தடை இல்லை. பதினேழாம் பக்கம்" என்றேன். ஸ்டெஃபான் கண்ணை மூடிக்கொண்டான். அப்பா என் திசையிலேயே பார்க்கவில்லை. கலியாணம் கப்பலேறிப் போய்விட்டது என்று நினைத்தேன்.

அப்போது அம்மா எழுந்தார். முதியோர் இல்ல வேலையில் பழகிய ஜெர்மனில், அங்கே பாட்டிமாருக்கு மருந்து கொடுக்கிற அதே அமைதியோடு சொன்னார்: "கோபிக்க வேண்டாம், ஹேர் வேபர். அவளுக்கு அப்படித்தான் தெரியும். நாங்கள் ஊரை விட்டு வரும்போது அவளுக்கு நாலு வயது. குண்டுச் சத்தம் கேட்ட பிறகு வெளிக்கிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது."

பிறகு பையைத் திறந்து காட்டினார். நீலக் கோப்பில் பாஸ்போர்ட்டுகள், பிறப்புச் சான்றிதழ்கள், ஒரு டோர்ச், இரண்டு பக்கற் பிஸ்கற். ஊரை விட்டு வந்து இருபத்திரண்டு வருடமாகியும் எங்கள் கதவுக்குப் பின்னால் தொங்குகிற பை. எனக்கு அது வீட்டுச் சாமான். வேறு வீடுகளில் அது இருக்காது என்று நான் யோசித்ததே இல்லை.

ஹேர் வேபர் அந்த டோர்ச்சை நெடுநேரம் பார்த்தார். பிறகு மேசையில் இருந்த ஊர்களைப் பார்த்தார். "வீடுகளைச் செய்தேன். ஆட்களைச் செய்யவில்லை" என்றார்.

அம்மா அப்பாவின் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "நீங்கள் போய் விளையாடுங்கோ. அவள்ட அவசரம் உங்களுக்கு வராது."

"நானோ? எனக்கு ஏலாது."

"ஏன் ஏலாது? ஊரை விட்டு வெளிக்கிட்ட அண்டைக்குக் கதவு பூட்டினதோ எண்டு பாக்க ரெண்டுதரம் திரும்பிப் போன ஆள்தானே. உங்களுக்கெண்டே செய்த விளையாட்டு."

அப்பா கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார். எல்லாப் படைகளும் பழைய இடத்தில் நின்றன. அதன் பிறகு நடந்ததைப் போல நீண்ட, மனமில்லாத பின்வாங்கலை அந்த மண்டபம் கண்டிருக்காது. அப்பா ஒவ்வொரு ஊரையும் விட யோசித்தார். ஒரு பாலத்துக்காக அரை மணி நேரம் சண்டை பிடித்தார். ஒரு வண்டியை எடுக்கத் திரும்பிப் போய், இரண்டு வண்டியை இழந்தார். பஞ்சு முழுதும் தீர்ந்தது. கடைசிப் படகு புறப்பட்டபோது மணி ஐந்தரை, சனம் எழுந்து நின்று கைதட்டியது. தோற்ற அப்பாவுக்கு ஹேர் வேபர் தன் கையாலேயே சூப் ஊற்றிக் கொடுத்தார்.

பஸ்ஸில் வரும்போது அப்பா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "நல்ல மனுசன். எனக்கு யோசிக்க நேரம் தந்தவர்."

"அப்ப ஓமோ, அப்பா?"

"அதுக்கும் கொஞ்சம் நேரம் தா, பிள்ளை. நீ உடனே கப்பலில ஏத்தாதை."

அடுத்த வருடம் கலியாணம். ஹேர் வேபர் எங்களுக்குத் தந்த பரிசு ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கியது: வர்ணம் பூசிய இரண்டு உருவங்கள். சிவப்புப் பையோடு கடலை நோக்கி நடக்கிற ஒரு பெண். அவளுக்குப் பின்னால், வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்க்கிற ஓர் ஆண்.

அவை எங்கள் வரவேற்பறைத் தட்டில் நிற்கின்றன. அம்மா வரும்போதெல்லாம் அந்த ஆணையும் பெண் நடக்கிற கடல் பக்கம் திருப்பிவைப்பார். அப்பா, புறப்படும் நேரத்தில், சப்பாத்தையும் போட்ட பிறகு, எதையோ மறந்தவர் போல உள்ளே வந்து அதை மறுபடி கதவுப் பக்கம் திருப்பிவிட்டுப் போவார். அம்மா அதற்குள் பையோடு பஸ் தரிப்பிடத்தில் நிற்பார்.