புழு மாமாவும் ராணியின் வயிறும்

அமாவாசை வந்தால் செம்மண்டலத்தில் எங்கள் தெரு ஆடுகளில் ஒன்றையும் பார்க்க முடியாது. பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாவிட்டாலும் புழு மாமாவின் செருப்புச் சத்தம் அவற்றுக்குத் தெரியும்.

மாமாவைப் பொறுத்தவரை உலகத்தில் ஒரே வியாதிதான். ஆடு இருமினால் வயிற்றில் புழு. மாடு முறைத்தால் புழு. என் மனைவி ஒருநாள் அவருக்குக் காபி கொடுக்க மறந்ததற்கும் அதையேதான் சொன்னார். அமாவாசைக்குப் புழுவெல்லாம் தலைதூக்கும், அன்றைக்கு அடித்தால்தான் சாகும் என்பது அவர் கட்சி. மாதம் தவறாமல் மூங்கில் குழாயில் குடற்புழு மருந்தை நிரப்பிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஊரார் ஆடுகள் ஓடிப் பிழைத்தன. அவர் வீட்டுக் கொல்லையில் கட்டிக்கிடந்த பெட்டையாடு ராணிதான் வசமாக மாட்டிக்கொண்டது.

ராணி, அத்தையின் செல்லம். அது குட்டி போட வேண்டுமென்று அத்தை அந்தோணியாருக்கு ஏற்றாத மெழுகுவர்த்தி இல்லை. இரண்டு தடவை சினை பிடித்தது, இரண்டு தடவையும் கலைந்துவிட்டது. "பாத்தியா மாப்ள, எல்லாம் புழு பண்ற வேலை!" என்று மாமா இன்னொரு குழாய் ஊற்றினார். ராணி தழையை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மூன்றாவது தடவை சினை பிடித்தபோது அமாவாசைக்கு நாலு நாள் இருந்தது. "டாக்டர்கிட்ட காட்டற வரைக்கும் இந்த வூட்ல அடுப்பு எரியாது" என்று அத்தை சொல்லிவிட்டார். பசி தாங்காத மாமா, ராணியோடும் என்னோடும் ஆட்டோவில் மஞ்சக்குப்பம் மாட்டாஸ்பத்திரிக்கு வந்தார்.

டாக்டரம்மா ராணியின் கண்ணிமையை விலக்கிப் பார்த்தார். "புழு மருந்து எப்பெப்ப குடுக்கறீங்க?"

"மாசாமாசம்ங்க. ஒரு மாசம் வுட்டதில்ல." மாமா மெடல் வாங்கப்போகிறவர் மாதிரி நிமிர்ந்தார்.

"சினை புடிச்ச பொறவுமா?"

"அப்பதான் ஜாஸ்தியா ஊத்துவேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "சினை புடிச்ச புதுசுல இந்த மருந்த குடுக்கவே கூடாதுங்க, கரு கலைஞ்சிடும். சும்மா சும்மா ஊத்தினா புழுவுக்கு மருந்து பழகிடும், ஆடுதான் வீணாப்போவும். இனிமே நான் சொல்றப்ப மட்டும் குடுங்க."

திரும்பும்போது மாமா ராணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நான்தானாடி கலைச்சேன்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

அமாவாசையன்று விடிந்ததும் பாட்டிலும் குழாயுமாக என் வாசலில் நின்றார். "கை அரிக்குது மாப்ள. புடுங்கி வெச்சிக்க. குட்டி பொறக்கற வரைக்கும் நான் கால்ல வுழுந்தாலும் குடுக்காத."

அதன்பிறகு ஒவ்வொரு அமாவாசைக்கும் காலையிலேயே வந்து என் வீட்டில் தன்னைத்தானே காவலில் வைத்துக்கொண்டார். ஒருமுறை நான் குளிக்கப் போன நேரத்தில் பாட்டிலைத் தேடியெடுத்து ஒரு குழாய் தானே குடித்துவிட்டார். "யாருக்காவது ஊத்தணுமே மாப்ள!" அடுத்த இரண்டு நாளும் கொல்லைப்புறத்திலேயே குடியிருந்தார்.

ராணி இரண்டு பெட்டைக் குட்டி போட்டது. ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு, அத்தையோடும் ராணியோடும் சிதம்பரத்தில் தங்கை வீட்டுக்குக் குடிபோய்விட்டார் மாமா. அமாவாசைக்கு அமாவாசை போன் வரும்.

"மாப்ள, குட்டிக்கு மருந்து கிருந்து ஊத்திடலயே?"

"இல்ல மாமா."

"டாக்டரம்மாவ கேக்காம ஊத்துன, செருப்பு பிஞ்சிடும்."

போன அமாவாசைக்கு மதியம் வரை போன் வரவில்லை. எனக்குக் கை அரித்தது. நானே கூப்பிட்டேன். "இன்னாடா, ஊத்திட்டியா?" என்ற அதட்டல் காதில் விழுந்த பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தேன்.