கழிப்பறையைச் சுற்றி ஓர் ஓட்டப்பாதை

"ஓட்டப்பாதைய கொஞ்சம் சுருக்கும்மா. கார் நிறுத்த இடம் வேணும்ல?" என்றார் கமிட்டித் தலைவர்.

ஊர்ஜனங்கள் உடம்பை வளைக்கட்டும் என்று பொது மைதானத்தில் விளையாட்டு மையம் கட்டப் போகிறார்கள். வரைபடம் போட்டவள் திகைத்தாள்.

"ஓட வர்றவங்க நடந்தே வரலாமே ஐயா?"

"நடந்து களைச்சுட்டா அப்புறம் எப்படிம்மா ஓடுவாங்க?"

பள்ளிக்கூடத்தில் காற்றாய்ப் பறந்தவள் அவள். "வளந்த பொண்ணுக்கு என்ன ஓட்டம்?" என்று அப்பா ஒருநாள் சொன்னதோடு கால்கள் அடங்கிவிட்டன. ஆசை அடங்கவில்லை. ஒரு தடவையாவது மூச்சு முட்ட ஓட வேண்டும். அதற்காகவே மைதானத்தைச் சுற்றி அந்தப் பாதையை வரைந்திருந்தாள்.

மனசில்லாமல் சுருக்கினாள். விடியற்காலையில் போய், பாதையைக் குறிக்க அடித்திருந்த பழைய முளைகளைப் பிடுங்கி, புது அளவுக்கு அடித்தாள். மைதானத்து நாய் ஒரு முளையைக் கவ்விக்கொண்டு பறந்தது.

"அடேய், குடுடா!" என்று துரத்தினாள்.

அடுத்து செயலாளர். "மாடியில உடற்பயிற்சிக் கூடம், சரி. லிஃப்ட் எங்கம்மா?"

"படி ஏறுறதே பயிற்சிதானே சார்?"

"பயிற்சிக்குப் போறதுக்கே பயிற்சியா?"

லிஃப்ட் வந்தது, பாதை இன்னும் சுருங்கியது. மறுபடி முளை, மறுபடி நாய். இம்முறை முளையில் கட்டியிருந்த நூலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடியது.

துணைத்தலைவர் பார்வையாளர் மேடை கேட்டார்.

"யாரு சார் உக்காந்து பாப்பாங்க?"

"நாங்கதான்."

"யாரப் பாப்பீங்க?"

"அத அப்புறம் பாத்துக்கலாம்."

கடைசியில் ஓட்டப்பாதை கழிப்பறையைச் சுற்றி வந்து நின்றது.

"நல்லதுதான். அங்க வர்றவன் எப்படியும் ஓடித்தான் வருவான்," என்று சிரித்தான் கணவன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வேலி போட ஆட்கள் வர இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. விடியலில் கடைசியாக முளைகளைச் சரிபார்க்கப் போனாள். நாய் ஒன்றைக் கவ்வியது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மைதானம் முழுக்கச் சுற்றித் துரத்திப் பிடுங்கி வந்தாள். மூச்சிரைக்க வரைபடத்தை விரித்து, அந்தத் துக்கடாப் பாதையை விரலால் தடவினாள்.

"ஒரு நாளாவது ஓடிப் பாக்கணும்னு இருந்தேண்ணே," என்றாள் மைதானத்துக் காவல்காரரிடம்.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க? தினம் விடிஞ்சா அந்த நாயவே முந்திட்டு ஓடுறீங்க, நாளைக்கு வேலி போட்டுட்டா பாவம் எங்க போயி ஓடுவீங்கன்னு நான்ல கவலப்பட்டுக்கிட்டு நிக்கிறேன்!"