அத்தையின் கூந்தலை வாங்கிய ஜெபம்

ஒருவர் ஜெபம் செய்துகொண்டிருக்கும்போது இன்னொருவர் குறுக்கே பேசக்கூடாது. கிறிஸ்தவளாக மாறிய பிறகு நான் முதலில் கற்றுக்கொண்ட சட்டம் இதுதான். கண்ணை மூடி ஆரம்பித்துவிட்டால், ஆரம்பித்தவராக முடிக்கிற வரைக்கும் மற்றவர்கள் 'ஆமென்' சொல்லலாம், வேறெதுவும் சொல்லக்கூடாது. பாஸ்டருக்கும் அதே சட்டம்தான். இதைப் போட்டது நான் இல்லை. அப்படியிருக்க, என் மாமியாரின் இடுப்பு வரைக்கும் தொங்கிய கூந்தல் போனதற்கு நான் மட்டும் எப்படிப் பொறுப்பாவேன்? பன்னிரண்டு வருஷமாகக் கேட்கிறேன். எங்கள் வீட்டில் ஒருத்தரும் பதில் சொல்வதில்லை, சிரிக்கிறார்கள். முதலிலிருந்து சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

நான் மலேசியாவில் பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பால்மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட பிறகு லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் போக, நாங்கள் ஈப்போவில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தோம். ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது. அங்கே இருமல் மருந்து வாங்க வந்த டேனியல், இருமல் நின்ற பிறகும் மூன்று மாதம் வந்துகொண்டிருந்தார். (எனக்கு அப்போதே தெரியும். இருந்தாலும் மருந்து கொடுத்தேன்.) கல்யாணத்துக்கு முன்பே ஞானஸ்நானம் எடுத்தேன். அவருக்காக மாறினேன் என்று எங்கள் சொந்தக்காரர்கள் பேசினார்கள். பாதி உண்மை. மீதிப் பாதி எனக்கும் ஆண்டவருக்கும் நடுவில் உள்ளது.

மாமியார் எஸ்தர் அத்தை ஓய்வுபெற்ற ஆசிரியை. முப்பது வருஷம் ஞாயிறு பள்ளி நடத்தியவர். அவருக்கு ஆண்டவருக்கு அடுத்தபடி பெருமை, தன் கூந்தல். சனிக்கிழமை தோறும் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டு அதைக் காய வைப்பார். தெருவில் போகிற மலாய்க்காரப் பெண்கள்கூட நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். என்னை முதன்முதலில் பார்த்தபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பின்பக்கமாக எட்டிப் பார்த்தார்.

"முடி இவ்வளவுதானா? எலிவால் மாதிரி இருக்கு."

அதுவும் என்னிடம் சொல்லவில்லை, டேனியலிடம் சொன்னார். அத்தை என்னிடம் நேராகப் பேசவே மாட்டார். நான் எதிரே உட்கார்ந்து சோறு பிசைந்துகொண்டிருப்பேன். "டேனியல், அந்தப் புள்ளைக்கு ரசம் வேணுமான்னு கேளு" என்பார். டேனியல் என் பக்கம் திரும்பி, "ரசம் வேணுமா?" என்று கேட்பார். நான் "வேணும்" என்பேன். அவர் அந்தப் பக்கம் திரும்பி, "வேணுமாம்" என்பார். பத்து மாதம் இப்படியே குடும்பம் நடந்தது. வயிறு எரியுமா எரியாதா?

அந்த அத்தையை ஒருநாள் என்னிடம் நேராகப் பேசவைக்க வேண்டும், அதற்கு வழி ஜெபம்தான் என்று முடிவு செய்தேன். அந்த வீட்டில் சமையலை விட ஜெபத்துக்குத்தான் மரியாதை. யார் நன்றாக ஜெபிக்கிறாரோ அவர் பேச்சுக்கு மதிப்பு.

கற்றுக்கொடுத்தார்களே, அந்த அழகைக் கேளுங்கள். டேனியல், "ரொம்ப ஈசி லா. உங்க அப்பாகிட்ட பேசுற மாதிரி பேசு" என்றார். எங்கள் அப்பாவுக்கும் எனக்கும் இருபது வருஷத்தில் நடந்த மொத்தப் பேச்சு "சாப்டியா?", "ம்" அவ்வளவுதான். கண்ணை மூடி, "அப்பா, சாப்டீங்களா?" என்று ஆரம்பித்தேன். மேற்கொண்டு ஒன்றும் வரவில்லை.

அடுத்த நாள் வேறு மாதிரி முயன்றேன். "ஆண்டவரே, என் பேரு கலைவாணி, சிம்ம ராசி, பூர நட்சத்திரம், ஈப்போ" என்றதும் டேனியல் சோபாவிலிருந்து கீழே விழுந்து சிரித்தார். என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கிறது? உலகம் முழுக்க எத்தனை பேர் கூப்பிடுகிறார்கள். எந்தக் கலைவாணி என்று அவருக்குத் தெரிய வேண்டாமா? எங்கள் கோயிலில் பூசாரி கேட்காமல் விட்டதே இல்லை.

அத்தை டேனியல் மூலமாக வேறு விதி அனுப்பினார். முதலில் துதி, அப்புறம் நன்றி, அப்புறம் பாவ அறிக்கை, கடைசியில்தான் விண்ணப்பம், மொத்தம் ஐந்து நிமிஷமாவது வரவேண்டும். பாஸ்டரிடம் கேட்டால், "அதெல்லாம் இல்ல சிஸ்டர், மனசுல இருக்கறத அப்படியே சொல்லுங்க" என்றார். இவர்கள் மூன்று பேரும் முதலில் தங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம் அல்லவா?

எனக்கு விளங்காத விஷயம் வேறொன்றும் இருந்தது. கேட்பது சரி. பதிலுக்கு என்ன கொடுப்பது? நான் பள்ளியில் படிக்கும்போது அப்பா மோட்டார் சைக்கிளோடு தோட்டத்துக் கால்வாயில் விழுந்து நினைவில்லாமல் கிடந்தார். அம்மா மாரியம்மனுக்கு முடி காணிக்கை வேண்டிக்கொண்டார். எட்டாம் நாள் அப்பா எழுந்து கோப்பி கேட்டார். அம்மா போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். பேசியபடி நடந்தது, இரண்டு பக்கமும் சொன்ன சொல் தவறவில்லை. இங்கே என்னடாவென்றால் வெறுங்கையை வீசிக்கொண்டு போய் அதைக் கொடு, இதைக் கொடு என்கிறார்கள். எனக்கு வாய் கூசியது.

அந்தச் சமயத்தில்தான் என் மாமனாருக்கு நெஞ்சுவலி வந்தது. இருதயக் குழாயில் மூன்று இடத்தில் அடைப்பு, அடுத்த வாரம் நெஞ்சைத் திறந்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார் டாக்டர். மாமா அந்த வீட்டில் என்னிடம் நேராகப் பேசிய ஒரே ஆள். நான் வைத்த மீன்கறியை, அத்தை பார்க்கும்போதே இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர். அத்தை ஒடிந்து போய்விட்டார். அந்தச் சனிக்கிழமை அவர் எண்ணெய் தேய்க்கவில்லை. கூந்தலை அள்ளிக் கொண்டை போட்டபடி மாமாவின் கட்டிலருகிலேயே உட்கார்ந்திருந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் ஜெபக் கூட்டம். சபையிலிருந்து இருபது பேர் வந்திருந்தார்கள். ஆயர் தாவார் ஊரிலிருந்து அத்தையின் தங்கைகூட வந்திருந்தார். அடுப்படியில் மீஹூன் சேமியா பிரட்டி மூடி வைத்திருந்தோம். பாட்டு முடிந்ததும் பாஸ்டர் சுற்றிப் பார்த்தார்.

"இன்னிக்கு மருமக ஜெபம் பண்ணட்டுமே."

அத்தை தலையைத் தூக்கி டேனியலைப் பார்த்தார். "அந்தப் புள்ளைக்கு வருமா?" என்று கண்ணாலேயே கேட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

துதி நன்றாகவே வந்தது. "ஆமென்" என்றார்கள். நன்றியும் வந்தது. வீட்டுக்கு நன்றி, டாக்டருக்கு நன்றி, வந்தவர்களுக்கு நன்றி. ஐந்து நிமிஷம் ஆகவேண்டுமே என்று மீஹூனுக்கும் மேலே சுற்றுகிற காற்றாடிக்கும் நன்றி சொன்னேன். அதற்கும் "ஆமென்". சுகிர்தம் அக்கா என்று ஒருவர், சபையிலேயே பெரிய குரல், "அல்லேலூயா!" என்று வேறு போட்டார். இருபது பேர் ஆமென் போட்டால் வருகிற தெம்பு இருக்கிறதே, மைக் பிடித்தவர்களுக்குத்தான் தெரியும். அந்தத் தெம்பில் விண்ணப்பத்துக்கு வந்தேன்.

வந்ததும் வாய் அடைத்துவிட்டது. ஒரு உயிரைக் கேட்கிறோம். கையில் ஒன்றுமில்லை. மாமா பக்கத்து அறையில் படுத்திருக்கிறார். மனதில் இருப்பதை அப்படியே சொல்லச் சொன்னது பாஸ்டர்தான். சொன்னேன்.

"ஆண்டவரே, ஆப்பரேஷன் முடிஞ்சு எங்க மாமாவ நல்லபடியா வீட்டுக்குக் கொண்டு வந்துருங்க. வந்துட்டாருன்னா, எங்க அத்த தன் முடிய உங்களுக்குக் காணிக்கையா குடுத்துருவாங்க."

"ஆமென்!"

எல்லாரும் சொன்னார்கள். அழுதுகொண்டிருந்த அத்தையும் சொன்னார். என் காதுக்குப் பக்கத்தில் முதலில் கேட்ட ஆமெனே அவருடையதுதான். இதை எந்தக் கோர்ட்டிலும் வந்து சொல்வேன்.

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். "முழு மொட்டை ஆண்டவரே" என்று விளக்கமும் கொடுத்துவிட்டேன். இந்தத் தடவை ஆமென் பாதியில் நின்றது. சுகிர்தம் அக்கா மட்டும் பழக்க தோஷத்தில் "அல்லேலூயா!" என்றார். ஒரு கண்ணைத் திறந்தேன். அத்தை இரண்டு கண்ணையும் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை கொண்டையில் இருந்தது. ஆனால் நான் இன்னும் முடிக்கவில்லையே, அவர் எப்படிப் பேசுவார்? பயத்தில் எனக்கு முடிக்கவும் தைரியம் வரவில்லை. காற்றாடிக்கு இன்னொரு முறை நன்றி சொன்னேன்.

முடித்ததும் பாஸ்டர், "நம்ம ஆண்டவர் முடி கேக்கறவர் இல்ல சிஸ்டர். கிருபை சும்மா கிடைக்கறது" என்றார். அதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம். அத்தை எழுந்து மீஹூன் எடுக்கப் போனார். டேனியல் என்னை ஓரமாக இழுத்தார்.

"ஏன் அம்மா முடி? உன் முடிய சொல்லியிருக்கலாம்ல?"

"எலிவால் குடுத்து உயிர கேக்கச் சொல்றீங்களா? மரியாதையா இருக்குமா?"

(அத்தை முடியைச் சொன்னபோது என் மனதில் துளிகூட வன்மம் இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஒரு துளி இருந்தது. பாவ அறிக்கையில் சொல்லியாகிவிட்டது.)

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பத்தாம் நாள் மாமா வீட்டுக்கு வந்தார். விஷயத்தைக் கேள்விப்பட்டு, "எனக்குத்தான் ஏற்கெனவே மொட்டை, அத கணக்குல வச்சிக்கச் சொல்லு லா" என்று தன் வழுக்கையைத் தட்டிக்காட்டினார். எல்லாரும் சிரித்தோம், அத்தையைத் தவிர. மாமா இருமினால் அத்தையின் கை கொண்டைக்குப் போகும். மாமா தும்மினால் கொண்டைக்குப் போகும். மூன்றாவது வாரம் சாப்பிடும்போது மாமாவுக்கு விக்கல் எடுத்தது. அத்தை தட்டை வைத்துவிட்டு எழுந்தார்.

"டேனியல், அந்தப் புள்ளைய காடிய எடுக்கச் சொல்லு."

காரில் நாங்கள் இருவர்தான். விரலாலேயே வழி காட்டினார். பழைய டவுனில் ஒரு சீனக்கிழவியின் முடிதிருத்தும் கடை முன்னால் நிறுத்தக் கை காட்டினார். கூந்தலை அவிழ்த்ததும் அந்தம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "ஐயோ, சயாங் லா!" என்று, வீணாகப் போகிறதே என மலாயில் அங்கலாய்த்தார். அத்தை கண்ணாடியில் என்னைக் காட்டி, "மெனந்து புன்யா கெர்ஜா" என்றார். மருமகள் பார்த்த வேலையாம். நானா கத்தரிக்கோல் பிடித்தேன்?

கழுத்து வரைக்கும் வெட்டச் சொன்னார். நான் முழு மொட்டை என்றல்லவா சொல்லியிருந்தேன்? வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த புத்திசாலித்தனமான காரியம் அது ஒன்றுதான். வெட்டிய சடையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை தாங்கவில்லை. வண்டியை எடுக்க முடியவில்லை.

"ஏன் அழுவுற?" என்றார் அத்தை. "உன் முடியா போச்சு?"

டேனியல் இல்லை. நடுவில் யாரும் இல்லை. என்னிடம்தான் கேட்டார்.

"பாஸ்டர்தான் வேணாம்னு சொன்னாரே, அத்த."

"ஆண்டவர் கேக்கலன்னு எனக்குத் தெரியாதா? முப்பது வருஷம் புள்ளைங்களுக்கு அதத்தான சொல்லிக் குடுத்தேன்." பையைத் தடவிக்கொண்டார். "ஆனா மனுசன் உசுரோட வந்துட்டாரு. சும்மா வாங்கிக்க எனக்கும் கூசுது. வண்டிய எடு."

இதுதான் நடந்தது. இதில் என் குற்றம் எங்கே? ஆனால் இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கூட்டத்தில், "கலா ஜெபம் பண்ணட்டும்" என்றால், டேனியல், அவர் தம்பி, சித்தி பிள்ளைகள் எல்லாரும் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொள்கிறார்கள். புதிதாக வந்த பாஸ்டர் அதைப் பக்தி என்று நினைத்துத் தானும் பிடித்துக்கொண்டார்.

போன வருஷம் அத்தைக்கு மார்பில் ஒரு கட்டி தெரிந்தது. ஸ்கேன் எடுக்கப் போகிற அன்று காலையில் எனக்குத்தான் முதலில் போன் அடித்தார். டேனியலுக்கு அடிக்கவில்லை.

"கலா, நீயே ஜெபம் பண்ணு."

"பண்றேன் அத்த."

"இந்தத் தடவ உன் முடிய சொல்லு."

"எலிவால்னு சொன்னீங்களே?"

"இருக்கறதத்தான குடுக்க முடியும்?" என்றார்.

கட்டியை எடுத்துப் பரிசோதித்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். அந்த வார ஞாயிற்றுக்கிழமை நான் முழு மொட்டையோடு சபைக்குப் போனேன். கழுத்தோடு நிறுத்துகிற ஆள் நான் இல்லை. பாஸ்டர் பதறிப்போய், "என்னாச்சு சிஸ்டர்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார்.

"எங்க வீட்டுப் பொம்பளைங்க அப்படித்தான் பாஸ்டர்."

பிறகு என் தலையை ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு, "எலிவாலுக்கு இது எவ்வளவோ பரவால்ல" என்றார்.